அடுத்து எந்த நாவல்?

என் வீட்டு அலுமாரியில் இன்று 140 நாவல்கள் இருக்கின்றன. அவற்றுள் நான் இன்னும் வாசியாதவை 41. பாடசாலை வேலை, பரீட்சைத் தாள் திருத்தம், மாலை வகுப்பு, வீட்டுக் கடமை ஆகியவை போக எஞ்சும் நேரத்தில் மாதத்துக்கு ஒரு நாவலைத்தான் ஒழுங்காக வாசிக்க முடிகிறது. ஆண்டுக்கு 12. இனிமேல் ஒரு புத்தகமும் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தாலும் இந்த 41ஐ முடிக்க மூன்றரை ஆண்டுகள் செல்லும். சபதம் நிற்காது என்பது புத்தகப் பித்துடைய யாவருக்கும் தெரியும்.

கணக்கை இவ்வாறு போட்டுப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அடுத்து எந்த நாவலை வாசிப்பது என்ற கேள்வியை ஓய்வுநேர விளையாட்டாகவே இதுகாறும் கருதி வந்தேன். உண்மையில் அது ஒரு விமர்சனத் தீர்ப்பு. ஒரு நூலைக் கையிலெடுக்கும்போது நாற்பது நூல்களைத் தள்ளி வைக்கிறோம்; எவருடைய வாழ்வை இப்போது அறிய விரும்புகிறோம், எவருடைய வாழ்வு காத்திருக்கலாம் என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். அதிலும் ஆசிரியன் ஒருவனின் தெரிவு அவனோடு நின்றுவிடுவதில்லை. அவன் வாசித்தது வகுப்பறைக்குப் போகிறது. அவனது அலுமாரியிலிருந்து மாணாக்கரின் கைக்குப் போகிறது. வாசித்து முடித்த நூல்களைப் பற்றி நமது விமர்சகர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வாசிக்கும் வரிசையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அக்குறையை நிரப்புமளவு புலமை எனக்கு இல்லை. எனினும் தவறு செய்து கற்ற பாடமொன்றைச் சக ஆசிரியர்கள் முன் வைப்பது தகும் என்று எண்ணுகிறேன்.

முதலில் இந்த அலுமாரி எவ்வாறு நிரம்பியது என்பதைச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டிற் போர் மன்னார்த் தீவைச் சூழ்ந்தபோது என் பெற்றோர் கைக்குழந்தையாயிருந்த என்னைத் தூக்கிக்கொண்டு படகேறி இராமேஸ்வரக் கரை சேர்ந்தனர். 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்தத்துக்குப் பின்னரே திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் நான் வளர்ந்ததும் எழுத்தறிந்ததும் மண்டபம் அகதி முகாமில். அங்கே பழைய கடதாசிக் கடையில் எடைக்கு வாங்கியவையே இந்நூலகத்தின் அத்திவாரம்: அட்டை போன கோர்க்கியின் ‘தாய்’, தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, முதலிரு பாகங்களும் இல்லாத ‘பொன்னியின் செல்வன்’. பின்னர் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக மாணவனாயிருந்த காலத்தில் உணவுப் பணத்தை மிச்சம் பிடித்து வாங்கியவை சில. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் பிள்ளைகளுடன் வெளிநாடு சென்றபோது ஒரு தகரப் பெட்டி நிறையத் தந்துவிட்டுப் போனவை பல.

அந்தத் தகரப் பெட்டி ஒரு காலத்தின் சாட்சி. 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது ஈழத்து எழுத்துக்கு ஒரு சந்தை பிறந்தது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ முதலியன அவ்வாறு ஊரூராகச் சென்றவை. பெட்டியில் அவை இரண்டும் இருந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பொது நூலகம் எரியக்கூடிய நாட்டில் ஓர் ஆசிரியரின் தகரப் பெட்டியும் ஒரு நூலகமே.

ஆகவே என் அலுமாரியை நிரப்பியதில் என் இரசனைக்குப் பங்கு சிறிது. போருக்கும் வறுமைக்கும் எடைக்கடைத் தராசுக்கும் பங்கு பெரிது. நம்மவர்களின் நூலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்தவை. தற்செயலாய்ச் சேர்ந்ததைத் தற்செயலாகவே வாசித்துக்கொண்டு போனால், வரலாறு நமக்கு எதைக் காட்ட மறந்ததோ அதை நாமும் மறந்துவிடுவோம்.

நூலைத் தெரிவதற்கு நம்மிடையே வழங்கும் வழிகள் மூன்று.

முதலாவது, பட்டியல் வழி. க. நா. சுப்ரமண்யம் காலத்திலிருந்தே தமிழிற் சிறந்த நாவல்கள் இவை இவை என்று வரிசைப்படுத்தும் வழக்கம் உண்டு. பிற்காலத்தில் அதனோடு பரிசும் சேர்ந்துகொண்டது. பட்டியலால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) ஆகியவற்றை நான் தேடி வாசித்தது பட்டியல்களாலேதான். ஆனாற் பட்டியல் நாவலைச் சமுதாயத்திலிருந்து கழற்றித் தரவரிசை ஏணியில் மாட்டிவிடுகிறது. எந்த நூல் மேற்படியில் நிற்கிறது என்று சொல்லும். எந்த வாசகனுக்கு, எந்தக் கட்டத்தில், எந்த நூலுக்குப் பின் என்று சொல்லாது. நாவலைச் சமுதாய வரலாற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டுமென்று க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்ற நூலில் வற்புறுத்தியது எழுதப்பட்ட நாவலுக்கு மட்டுமன்றி, வாசிக்கப்படும் நாவலுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, மண்வாசனை வழி. நம் ஊர், நம் பேச்சு, நம் தொழில் எந்த நாவலில் உண்டோ அதை முதலில் எடுப்பது. கடற்கரைக்காரனாகிய எனக்கு இவ்வாசை மிகுதி. மன்னார் மண்ணிலிருந்து எஸ். ஏ. உதயன் எழுதிய ‘லோமியா’, ‘தெம்மாடுகள்’ முதலிய நாவல்கள் கைக்குக் கிடைத்தபோது மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அவற்றை எடுத்தேன். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். தன் மக்களின் பேச்சை அச்சிற் காணும் மகிழ்ச்சி சிறியதன்று; நூற்றாண்டுக் கணக்கில் அது மறுக்கப்பட்டவனுக்கே அதன் அருமை தெரியும். எனினும் மண்வாசனையையே அளவுகோலாகக் கொண்டவன் நாளடைவிற் கண்ணாடி முன் நிற்பவனாகிவிடுகிறான்.

மூன்றாவது, நம்மவர்களுக்குரியது, கொள்கை வழி. நாவலாசிரியன் எந்த முகாமைச் சேர்ந்தவன், உழைக்கும் மக்களின் பக்கம் நிற்கிறானா என்று பார்ப்பது. இதில் நியாயம் உண்டு. ‘பஞ்சும் பசியும்’ (1953) நெசவாளர் வீட்டுப் பசியை விதியென்று விட்டுவிடாமல் நூலின் விலையோடும் துணிச் சந்தையோடும் இணைத்துக் காட்டியது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) சாதியொடுக்குமுறையை ஒடுக்கப்பட்டவனின் நிலத்தில் நின்று எழுதியது. இவற்றை மதியாதவன் தமிழ் நாவலின் வளர்ச்சியையே மதியாதவன். எனினும் நம்மிடையே வளர்ந்துவிட்ட ஒரு சோம்பலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய நாவல்களைத் தொடர்ந்து வாசிக்கும்போது, ஒவ்வொரு நூலிலும் நாம் ஒடுக்கப்பட்டவனின் ஆசனத்திலேயே போய் அமர்ந்துகொள்கிறோம். முதலாளியோ சாதிமானோ எப்போதும் மற்றவன். பத்து நூல் வாசித்த பின்னும் நமது நியாயம் நமக்கு உறுதிப்பட்டிருக்குமேயன்றி நமது குற்றம் ஒன்றேனும் தெரிந்திராது. உறங்கவைக்கும் இலக்கியத்தைக் கண்டிக்கும் நாம், சரியான கொள்கையும் ஒருவனை உறங்கவைக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இம்மூன்று வழிகளிலும் நான் நடந்திருக்கிறேன். மூன்றையும் ஐயுறச் செய்தவள் ஒரு மாணவி.

உயர்தர வகுப்பிற் பயின்ற அவள் மீனவக் குடும்பத்துப் பெண். தந்தை சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வாசிப்பதற்கு ஏதாவது தாருங்கள் என்று கேட்டபோது, தகழி சிவசங்கரப்பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்திற் கொடுத்தேன். 1956இல் மலையாளத்தில் வெளிவந்து, மறு ஆண்டே சாகித்திய அக்கடமியின் பரிசைப் பெற்ற நூல். பட்டியல் வழிக்குப் பொருந்தும். கடற்கரை மக்களின் கதை; மண்வாசனை வழிக்குப் பொருந்தும். எழுதியவர் முற்போக்கு இயக்கத்தில் வளர்ந்தவர். கொள்கை வழிக்கும் பொருந்தும். மூன்று வழிகளும் ஒன்றுசேர்ந்த நூல் என்ற நிறைவுடன்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தவள், “அப்படியெண்டா எங்கட அப்பா கரைக்கு வராததுக்கு அம்மாதான் காரணமா, சேர்?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. “அது கதைதானே, பிள்ளை” என்றேன். ஓர் ஆசிரியன் இதைவிடக் கோழைத்தனமான விடையைச் சொல்லியிருக்க முடியாது. நாவல் வாழ்க்கையைச் சொல்கிறது என்று மேடையிற் பேசுகிறவன், ஒரு பெண்பிள்ளை அதை நம்பிக் கேட்டபோது கதை என்று ஒதுங்கிக்கொண்டேன்.

அன்றிரவே ‘செம்மீனை’ மீண்டும் எடுத்தேன். கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது என்பது அந்நாவலின் மாந்தர் நம்பும் நம்பிக்கை. இதை மட்டுமே மனத்திற்கொண்டு வாசித்தால், கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்தித்த அதே இரவிற் பழனி கடலில் மாண்டான் என்பதே கதையின் முடிவு. மாணவியின் கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆயினும் நாவலின் உள்ளே வேறொரு கதையும் ஓடுகிறது. செம்பன்குஞ்சு படகும் வலையும் வாங்க ஆசைப்படுகிறான். அதற்குக் கருவாடாகவும் பணமாகவும் உதவியவன் முஸ்லிம் சிறுவியாபாரியான பரீக்குட்டி. படகு கைக்கு வந்ததும் செம்பன்குஞ்சு கடனைத் திருப்பவில்லை. உழைப்பாளி உடைமையாளனாகும்போது அவனுடைய குணம் எவ்வாறு மாறுகிறது என்பதைத் தகழி கூர்மையாகவே எழுதியிருக்கிறார். பரீக்குட்டி அழிவது காதலால் மட்டுமன்று, திரும்பாத கடனாலும்.

இன்னொன்றும் உண்டு, முதல் வாசிப்பில் நான் முற்றாகத் தவறவிட்டது அது. மனைவியைப் பற்றி எழுந்த அவதூறு காரணமாகச் சக தொழிலாளர் பழனியைத் தங்கள் படகிற் சேர்க்க மறுக்கிறார்கள். கூட்டுத் தொழிலிலிருந்து தள்ளப்பட்ட அவன் சிறு தோணியிற் தனியனாகத் தூண்டில் போடப் போகிறான். சுறா இழுத்தபோது அவனுக்குத் துணையாக ஒரு கையும் இல்லை. அவனைக் கொன்றது கறுத்தம்மாவின் நெஞ்சமா, தோழர்களின் தீண்டாமையா? தனியாளாக இரவிற் சிறுதோணியிற் போனவனுக்கு நேரக்கூடியது எதுவென்று எங்கள் கரையிற் சிறுபிள்ளைக்கும் தெரியும். மூட நம்பிக்கை ஒருவனைத் தொழிலிலிருந்து விலக்கி, விலக்கியதனாலேயே அவன் இறந்ததும், அந்த இறப்பைத் தனக்குச் சான்றாகக் காட்டுகிறது. நாவலின் உண்மையான அவலம் இது.

தகழி இதை அறிந்து எழுதியிருக்கிறார் என்றே கருதுகிறேன். இல்லாவிடிற் பழனியின் விலக்கத்தை அவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டார். ஆயினும் சந்திப்பையும் சாவையும் ஒரே இரவில் வைத்ததன் மூலம், அறிவு சொன்னதை உணர்ச்சி மறைக்குமாறு செய்துவிட்டார். 1965இல் வந்த திரைப்படம் காதலையும் பாட்டையும் நாடெங்கும் பரப்பியது. கடனும் படகும் பின்னே போயின. நாவலுக்கும் அதன் புகழுக்கும் இடையே இத்தகைய தூரம் விழும்போது, அதைச் சுட்டிக்காட்டுவது விமர்சகனின் கடன். வகுப்பறையில் அது ஆசிரியனின் கடன். நான் செய்யவில்லை.

மறுநாள் மாணவியை அழைத்து, பழனி தனியாகப் போக நேர்ந்த பகுதியைக் காட்டி மறுபடி வாசிக்கச் சொன்னேன். பின்னர் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலைக் கொடுத்தேன். இம்முறை காரணத்துடன் கொடுத்தேன். ‘செம்மீன்’ தொழிலை நம்பிக்கையின் திரைக்குப் பின்னால் வைத்தது. ‘கடல்புரத்தில்’ தொழிலின் மாற்றத்தை முன்னால் வைக்கிறது. மணப்பாட்டுக் கரையில் லாஞ்சிகள் வந்துவிட்டன; வல்லங்களில் தொழில் செய்பவர்களின் கடல் சுருங்குகிறது; பகை மூளுகிறது. பிலோமியின் காதல் நிறைவேறாமற் போவதால் எந்தப் படகும் கவிழ்வதில்லை. கடல் எவருக்கும் தண்டனை கொடுப்பதில்லை. நம்மைப் போன்ற கத்தோலிக்க மீனவக் கிராமம் ஒன்றில், ஒரு பெண்ணின் மனம் குற்றவாளிக் கூண்டில் ஏறாமலே கதை நடக்கிறது. ‘செம்மீனுக்கு’ப் பின் வாசிக்கும்போதே இந்த விடுதலையின் அளவு தெரியும், தனியாக வாசித்தால் மென்மையான சோகக் கதை என்று கடந்துபோய்விடலாம். நூல்களின் வரிசையே ஒரு விமர்சனமாகும் என்பதை நான் கண்டது இங்கேதான்.

மாணவிக்காகத் தெரிந்த நாவல் என்னையும் விடவில்லை. அதிலே குரூஸ் மிக்கேலின் மகன் செபஸ்தி ஆசிரியராயிருக்கிறான். தந்தை வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் வற்புறுத்தல். என் தந்தையார் கரைவலையிற் பங்குக்கு இழுத்தவர். சம்மாட்டியின் வலை, சம்மாட்டியின் வள்ளம், எஞ்சியதில் அவருக்குப் பங்கு. விற்பதற்கு அவரிடம் வள்ளம் இருக்கவில்லை. எனினும் எனக்கு நியமனம் கிடைத்த அன்று, “இனி நீங்கள் கடலுக்குப் போகத் தேவையில்லை” என்று நான் சொன்னதும், அவர் பதில் சொல்லாமல் முற்றத்துக்கு எழுந்து போனதும் நினைவுக்கு வந்தன. செபஸ்தியின் பேச்சில் என் குரலைக் கேட்டேன். பல ஆண்டுகளாக நாவல் வாசித்தும், குற்றம் சாட்டப்பட்டவனின் இடத்தில் நான் அமர்ந்தது அதுவே முதல் தடவை. படித்தவன் தன் வர்க்கத்தை விட்டு விலகுவதை முன்னேற்றம் என்று மட்டும் எண்ணியிருந்தேன். விலகியவன் விட்டுச் சென்றவர்களிடம் எந்தக் குரலிற் பேசுகிறான் என்பதை அந்த நாவல் காட்டியது.

வண்ணநிலவன் கடற்கரைச் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர், தகழியும் அவ்வாறே. அவ்விருவருக்கும் பின் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலை எடுத்தேன். உவரியிற் பிறந்து அம்மக்களின் பேச்சிலேயே எழுதிய அவரிடம் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் கட்டுமரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலக் கடல்வாழ்வு அதிலே விரிகிறது. சாவு அங்கே அவதூறால் வருவதில்லை. தொழிலின் தன்மையால் வருகிறது. ஆயினும் உள்ளிருந்து எழுதுபவருக்கும் ஒரு தளை உண்டு. தம் மக்களின் வீரத்தைச் சொல்லும் ஆசை, அவர்களிடையேயுள்ள உடைமை வேற்றுமையைச் சில இடங்களில் மங்கச் செய்கிறது. வெளியாள் காணாததை உள்ளாள் காண்கிறார். உள்ளாள் பொறுத்துக்கொள்வதை வெளியாள் கேட்டுவிடுகிறார். இருவரையும் வாசித்தவனுக்கே கரை முழுமையாகத் தெரியும்.

இவ்வனுபவத்திலிருந்து எனக்கென ஒரு விதி பிறந்தது. முன் வாசித்த நூல் எதைச் சொல்லாமல் விட்டதோ, அதைச் சொல்லும் நூலே அடுத்த நூல். இவ்விதியை ஒரு நாவலுக்குப் பிரயோகித்தது போல முழு அலுமாரிக்கும் பிரயோகித்துப் பார்த்தேன். 140 நாவல்களும் சேர்ந்து எதைச் சொல்லாமல் விட்டிருக்கின்றன? கண்ட முடிவு எனக்கு வெட்கத்தைத் தந்தது.

1990ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் படகேறியதைச் சொன்னேன். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்ட மக்கள் வீடும் நிலமும் தொழிலும் இழந்தனர். எங்கள் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கிப் புத்தளப் பகுதியில் அகதிகளாயினர். ஒரே ஆண்டில், ஒரே தீவிலிருந்து, இரு திசைகளிற் படகுகள் போயின. வடமேற்கே போன படகுகளின் துயரம் என் அலுமாரியில் நிறைய இருக்கிறது. தெற்கே போன படகுகளைப் பற்றி ஒரு நூலும் இல்லை. என் வகுப்பில் இன்று எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் புத்தளத்து முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் நூல் கேட்டிருந்தால் நான் எதைக் கொடுத்திருப்பேன்? ஈழத்தின் முதல் தமிழ் நாவலென்று நாம் பரீட்சைக்குக் கற்பிக்கும் ‘அசன்பே சரித்திரம்’ (1885) சித்தி லெப்பை என்ற முஸ்லிம் அறிஞர் எழுதியது. ஆண்டையும் ஆசிரியரையும் மனனம் செய்ய வைத்தேன். நூலைத் தேடி வாங்கவில்லை.

வெளியேற்றத்தை எழுதிய நூல் கைக்கு வரும்வரை தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) எடுத்தேன். தேங்காய்ப்பட்டணம் எருக்கலம்பிட்டியன்று என்பதை அறிவேன். எனினும் முஸ்லிம் சமூகத்தை ஒரே முகமாகப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது மருந்தாயிற்று. ஊரை ஆளும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஒருபுறம். அவருக்குத் தலை வணங்காத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது மறுபுறம். ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை முதலாளி எதிர்க்கிறார். கற்பிக்க வந்த ஆசிரியர் படும் பாடு என்னைப் போன்றவனை நேரே தொடுகிறது. மதத்தின் பெயரால் எழும் அதிகாரத்தின் அடியில் நிலமும் பணமும் இருப்பதை, தம் சமூகத்தின் கோபத்துக்கு அஞ்சாமல் மீரான் எழுதினார். ‘செம்மீனில்’ வந்த பரீக்குட்டி எனக்கு அதுவரை தனியொரு காதலன். மீரானை வாசித்த பின் அவனுக்குப் பின்னால் ஒரு தெருவும் ஒரு சமூகமும் தெரிந்தன. பின் வாசித்த நூல் முன் வாசித்த நூலைத் திருத்தியது.

அலுமாரி மறந்த இன்னொரு திசையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் இறங்கியது எங்கள் கரையில். மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற அந்தப் பாதையிற் கொள்ளைநோயாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் புகையிரதமும் இணைந்தன. நான் எழுத்தறிந்த மண்டபம் முகாமே அந்நாளில் இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்த முகாம். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1980களின் நடுப்பகுதியிற் சேவை நிற்கும்வரை, அம்மக்களை எங்கள் துறையிலிருந்தே ஏற்றிச் சென்றது. ஒரு மக்கட்கூட்டம் வந்ததையும் போனதையும் பார்த்த கரை எங்களுடையது. எனினும் மலையகம் பற்றிய நாவல்களை வேறு நாட்டுக் கதைகள் போல நான் பிற்போட்டு வந்திருக்கிறேன்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ அந்த 1964ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வள்ளி என்ற பெண்ணின் கதை. தகரப் பெட்டியோடு வந்த பிரதி பல ஆண்டுகளாக என் அலுமாரியின் கீழ்த்தட்டிற் கிடக்கிறது. அடுத்து எந்த நாவல் என்ற கேள்விக்கு என் விடை அதுதான். அதற்குப்பின் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974). அதற்குப்பின் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ (1979). மன்னாரிலும் உப்பளம் உண்டு. அதைக் கடந்துதான் தினமும் போகிறோம்.

வாசிப்பை இவ்வாறு கடமையாக்கினால் இன்பம் கெட்டுவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சோர்ந்த இரவில் ‘பொன்னியின் செல்வனை’ எடுத்துப் பத்துப் பக்கம் வாசிப்பதில் எனக்கும் வெட்கமில்லை. கல்கியின் கதை சொல்லும் திறனை மறுப்பதால் எவரும் முற்போக்காளராகிவிடுவதில்லை. ஆனால் அந்தப் பெரிய கதையிற் கடல் இளவரசர்களின் வழியாகவே இருக்கிறது என்பதையும் கரையில் வளர்ந்தவனுக்கு மறக்க முடியாது. மேலும், எனக்கு மிகுந்த இன்பம் தந்த வாசிப்பு எதுவென்று எண்ணிப் பார்த்தால், பழனி தனியாகப் போனான் என்பதைக் கண்டுபிடித்த அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. ஏமாந்திருந்தவன் விழித்துக்கொள்வதும் ஓர் இன்பமே.

இன்னொருவர், நாவல் வாசித்து எவருடைய காணி திரும்பியது என்று கேட்டார். ஒருவருடையதும் திரும்பவில்லை. காணிக்கும் வீட்டுக்கும் போராட்டம் வேறு. அதற்கு நாவல் பதிலியாகாது. ஆனால் அயலவனின் காணி எங்கே இருந்தது என்பதே தெரியாதவன் அந்தப் போராட்டத்தில் எவ்வாறு நிற்பான்? தெரிந்துகொள்வதற்கு நாவல் ஒரு வழி, மலிவான வழியுங்கூட.

சக ஆசிரியர்களிடமும் மாணாக்கரிடமும் ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் அலுமாரியையோ பெட்டியையோ திறந்து நூல்களை எண்ணிப் பாருங்கள். வாசித்தவை எவருடைய கதைகள், வாசியாதவை எவருடையவை, இல்லவே இல்லாதவை எவருடையவை என்று மூன்று நிரலாக ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் நிரலில் ஒரு நூலை எடுங்கள். மூன்றாம் நிரலில் ஒன்றைத் தேடுங்கள். என் மூன்றாம் நிரலின் தலைப்பில், தெற்கே போன படகுகளைப் பற்றிய நாவல் என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதியவர் இருந்தால் நூல் என் கைக்கு வரட்டும். இல்லையெனில், எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளில் ஒருவர் எழுதுவதற்கு என் வகுப்பில் இடமிருக்க வேண்டும்.

அந்த மாணவி ‘கடல்புரத்தில்’ நாவலைத் திருப்பித் தந்துவிட்டாள். இம்முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் தாய்க்கும் வாசித்துக் காட்டியதாக மட்டும் சொன்னாள்.